காடு மேடு சுற்றிய அப்பாவுக்கு நினைவு மலர்: பன்னிரண்டு நாளில் செய்து முடிப்பது எப்படி

கேள்வி இது: அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். நீலகிரியில் குந்தா நீர்மின் திட்டப் பகுதியின் கேம்ப்களில், அதாவது ஊழியர் குடியிருப்புகளில், பல ஆண்டுகள் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பின் மேட்டுப்பாளையத்தில் குடியேறினார். நடை, பறவை, மரம், பேரப்பிள்ளைகள் என்று வாழ்ந்தவர். பதினாறாம் நாள் படத்திறப்புக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. எல்லார் வீட்டு மலரிலும் வருகிற அதே வரிகளாக இல்லாமல், அவரைத் தெரிந்தவர்கள் படித்தால் "ஆமாம், இவர்தான்" என்று சொல்லும்படி ஒன்று செய்ய வேண்டும். மரக்கன்றும் நட வேண்டும்.

செய்யலாம், நாள் போதும். ஆனால் எழுத உட்காருவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். துக்க வீட்டில் பொருள்கள் வேகமாக இடம் மாறும். யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு அலமாரியை ஒழித்துக் கொடுப்பார், பழைய டைரி எடைக்குப் போகும், செருப்பும் பையும் சேர்ந்து வெளியேறும். முதல் இரண்டு நாளும் எடுத்து வைக்கிற வேலைக்குத்தான்.

முதலில் கைபேசி. சிம்மை ரத்து செய்யாதீர்கள், ரீசார்ஜ் செய்து வையுங்கள். வங்கி, மின்னஞ்சல், கூகுள் கணக்கு எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். திரைப் பூட்டு எண் தெரியாவிட்டால் ஊகித்து ஊகித்து அடிக்காதீர்கள், தவறான முயற்சிகள் கூடக்கூடப் பூட்டு இறுகும். திறக்க முடிந்தால் அன்றே எல்லாப் படங்களையும் வாட்ஸ்அப் கோப்புறையையும் கேபிள் போட்டுக் கணினிக்கு நகலெடுங்கள். அவர் பேசி அனுப்பிய குரல் செய்திகள் தனிக் கோப்புறையில் ஓபஸ் (.opus என்று முடியும்) ஒலிக் கோப்புகளாக இருக்கும், கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள் வந்துவிடும். நூறு படத்தைவிட அவர் குரலில் ஒரு நிமிடம் பின்னாளில் பெரிதாகத் தெரியும். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்பாடில்லாமல் இருந்தால் பொதுவாக நீக்கப்படும். கூகுள் கணக்குக்கு இரண்டு ஆண்டு. கூகுள் மேப்ஸில் அவர் போய்வந்த இடங்களின் பதிவு இப்போது அந்தந்தப் போனிலேயே சேமிக்கப்படுகிறது. பேரனுக்கு உதவும் என்று போனை ரீசெட் செய்தால் அதுவும் அழிந்துபோகலாம். பறவைப் பட்டியலை ஈ-பேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றும் பழக்கம் இருந்திருந்தால், அந்தக் கணக்கில் "என் தரவைப் பதிவிறக்கு" என்ற வசதி உண்டு. கேட்டால் நாள், இடம், நேரம், எண்ணிக்கையோடு மொத்தப் பட்டியலும் ஒரே கோப்பாக மின்னஞ்சலுக்கு வரும்.

அடுத்தது தாள். குறிப்பேடுகள், வனத்துறை அனுமதிச் சீட்டுகள், பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிய பட்டியல் எல்லாம் ஒரே அட்டைப்பெட்டிக்குள் போகட்டும். இப்போதைக்குப் பிரித்து அடுக்க வேண்டாம், எந்தத் தாள் எதன் நடுவில் இருந்தது என்பதும் ஒரு தகவல். பென்சில் எழுத்து மங்கியிருந்தால் ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தைச் சற்றுச் சாய்த்து வைத்துப் படமெடுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பழைய தாளைச் சூடும் பசையும் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது.

பழைய ஆல்பங்களில் ஒரு ஆபத்து இருக்கிறது. 80, 90களில் வந்த, பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை ஒட்டுகிற ஆல்பங்களில் பசை இறுகிப்போய் இருக்கும். இழுத்தால் படம் கிழியும். பிளாஸ்டிக் தாளை மட்டும் மெதுவாக விலக்கி, படத்தை அப்படியே விட்டு ஸ்கேன் செய்யுங்கள். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தையும் உரிக்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். அஞ்சலட்டை அளவுக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) போதும். பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பெரிதாக்கப் போகிறீர்கள் என்றால் 600, முடிந்தால் 1200.

மூன்றாம் நாளிலிருந்து ஆட்களிடம் பேச வேண்டும். இங்கேதான் பெரும்பாலான மலர்கள் தோற்கின்றன. "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்று பதில் வரும், அதை வைத்து ஒரு வரி கூட எழுத முடியாது. கேள்வி சின்னதாக, பொருளைப் பிடித்து இருக்க வேண்டும். எத்தனை மணிக்குக் கிளம்புவார்? பையில் என்னென்ன இருக்கும்? முன்னால் நடப்பாரா, கடைசி ஆளாக வருவாரா? யாராவது மூச்சு வாங்கி நின்றால் என்ன சொல்வார்? எந்த இடத்தில் கட்டாயம் நிற்பார்? யானைச் சாணி சூடாக இருந்தால் என்ன செய்வார்? யாரிடம் கோபப்பட்டார், எதற்கு? கோபத்தைக் கேட்கத் தயங்காதீர்கள். பாட்டிலை உடைத்துப் போட்டவர்களிடம் சண்டைக்குப் போன கதை, "அனைவரிடமும் அன்பாகப் பழகினார்" என்பதைவிட அவரை நன்றாகக் காட்டும்.

உங்கள் அப்பா விஷயத்தில் நான்கு வகை ஆட்களைப் பிடியுங்கள். கேம்ப்பில் கூட இருந்தவர்கள், நடைத் துணைகள், அவர் தினமும் நின்று பேசிய டீக்கடை அல்லது பூக்கடைக்காரர், பிறகு பேரப்பிள்ளைகள். பேரப்பிள்ளைகளைப் பெரியவர்கள் இல்லாத நேரத்தில் கேளுங்கள். தாத்தா கற்றுக்கொடுத்த ஒரு பறவைப் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், மீதி தானாக வரும். உங்கள் அம்மாவிடம் கடைசியில் பேசுங்கள், ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். மனிதர் காடு மேடு சுற்றிய நாளெல்லாம் வீட்டைப் பார்த்துக்கொண்டவர் அவர். அந்தப் பக்கமும் மலரில் வர வேண்டும்.

குந்தா கேம்ப் வாழ்க்கையை இரண்டு வரியில் கடந்துவிடாதீர்கள், உங்களிடம் இருக்கும் மிக வளமான பகுதி அதுதான். அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, போர்த்திமந்து, பார்சன்ஸ் வேலி, கீழே கெத்தை, பரளி: இந்த அணைகளும் பவர் ஹவுஸ்களும் சோலைக்காட்டுக்கும் புல்வெளிக்கும் நடுவிலோ, அவற்றுக்குக் கீழே சரிவிலோ இருப்பவை. அங்கே வேலை பார்த்தவருக்குக் காடு என்பது வேலைக்குப் போகிற வழி. எந்த ஆண்டு எந்த கேம்ப், வேலை பவர் ஹவுசுக்குத் தண்ணீர் இறக்கும் பென்ஸ்டாக் குழாயிலா, லைனிலா, சுவிட்ச் யார்டிலா, ஷிப்ட் எப்படி, குடியிருப்பில் எத்தனை வீடு, அரிசி பருப்பு எங்கிருந்து வந்தது, பிள்ளைகள் படிக்க எங்கே போனார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அந்தக் குடியிருப்புகளில் பல இன்று பாதி காலி. கூட இருந்தவர்களுக்கும் வயதாகிவிட்டது.

இனி, சரிபார்ப்பு. பிறந்த நாளில் ஆரம்பியுங்கள். பதிவை நாடு முழுக்கக் கட்டாயமாக்கிய பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த பலருக்குப் பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் எழுதியதுதான் பிறந்த நாள். அந்தத் தலைமுறையில் மே, ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் இவ்வளவு பேர் இருப்பதற்குக் காரணம் அதுதான். ஜாதகத் தேதியும் சான்றிதழ்த் தேதியும் வேறுபட்டால் எது உண்மை என்று வீட்டில் பஞ்சாயத்து வைக்காமல், மலரில் ஆண்டை மட்டும் போடுங்கள். ஓய்வு பெற்ற நாளுக்குப் பென்ஷன் ஆணையைப் பாருங்கள். மே 2020க்கு முன் ஓய்வு வயது பொதுவாக 58, ஓய்வு மாதத்தின் கடைசி நாளில். பிறந்த ஆண்டோடு கூட்டிப் பார்த்தால் தவறு உடனே தெரியும். நிறுவனப் பெயரிலும் கவனம் தேவை. 2010 நவம்பரில் வாரியம் பிரிந்தது. அதன்பின் ஓய்வு பெற்றிருந்தால் கடைசிப் பணி டான்ஜெட்கோவிலா (மின் உற்பத்தி, விநியோகம்), டான்டிரான்ஸ்கோவிலா (உயரழுத்த மின்தொடர்) என்று ஆணையைப் பார்த்தே எழுதுங்கள். கூட வேலை பார்த்தவர் முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.

இறந்த திதி வருடாவருடம் தேவைப்படும். மருத்துவமனைச் சான்றில் உள்ள நேரத்தை வைத்துக் கணியுங்கள். ஒரே நாளுக்குள் திதி மாறும், வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் சில நேரம் ஒத்துப்போகாது. உங்கள் வீட்டில் எது வழக்கமோ அதையே எடுங்கள்.

படங்களுக்கு ஆண்டு கண்டுபிடிக்க மலையே உதவும். மலைச்சரிவு முழுக்க நீலமாக நீலக்குறிஞ்சி பூத்திருக்கும் படம் என்றால் 1994, 2006, 2018 இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். குறிஞ்சியில் வேறு இனங்கள் வேறு ஆண்டுகளிலும் பூக்கும் என்பதால், படத்தில் உள்ள பிள்ளைகளின் வயதோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். "பெரிய மண்சரிவு வந்த வருஷம்" என்று யாராவது சொன்னால் 2009 நவம்பரா என்று கேளுங்கள், அந்த மழையில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் விழுந்த தேதியை அப்படியே நம்பாதீர்கள், பேட்டரி மாற்றிய பின் தேதியைச் சரிசெய்யாத கேமராக்கள் ஏராளம். வாட்ஸ்அப் படத்தின் பெயரில் இருக்கும் தேதியும் வந்து சேர்ந்த நாளைத்தான் காட்டும், எடுத்த நாளை அல்ல.

எழுதும்போது ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: வேறு எவருக்கும் பொருந்தக்கூடிய வரியை அடித்துவிடுங்கள். "இயற்கையின் காதலரான அன்னார் மலைகளையும் மரங்களையும் உயிரெனப் போற்றினார்." இதில் பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். கீழே இருப்பது ஒரு மாதிரிதான், உங்கள் விவரங்களைப் போட்டுக்கொள்ளுங்கள்:

"ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு எழுந்து பிளாஸ்கில் கடுங்காப்பியோடு பவானிக் கரைக்குப் போவார். ஏழு மணிக்குள் திரும்பிவிடுவார். அன்று பார்த்த பறவைகளைப் பேத்திதான் நோட்டில் எழுத வேண்டும். அவள் மீன்கொத்தி என்று எழுதினால், 'எந்த மீன்கொத்தி? வெண்மார்பா, சிறுசா, கருப்பு வெள்ளையா?' என்று கேட்காமல் விடமாட்டார்."

இங்கே பாசம், அன்பு, இயற்கை என்ற சொல்லே இல்லை, ஆனால் தாத்தாவும் பேத்தியும் தெரிகிறார்கள். ஊர்ப்பெயர், ஓடைப்பெயர், மரப்பெயர், பறவைப்பெயரை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். அவர் "சீகாரப் பூங்குருவி" என்று சொல்லியிருந்தால் அதுதான். கேம்ப் வழக்கில் வேறு பெயர் சொல்லியிருந்தால் அதையே வைத்து, பொதுப்பெயரைப் பக்கத்தில் ஒரு முறை சொன்னால் போதும். நோய், மருத்துவமனை, கடைசி நாள்கள் இவற்றுக்கு ஒரு பத்தி தாண்ட வேண்டாம். துக்கம் புதிதாக இருக்கும்போது அந்தப் பகுதி தானாக நீளும். எழுபது ஆண்டு வாழ்ந்தவரின் மலரில் பாதி ஐசியூவாக இருக்கக் கூடாது.

அளவு: ஏ5, பதினாறு பக்கம். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கம் நான்கின் மடங்காகத்தான் இருக்க வேண்டும். பதினேழு பக்கத்துக்கு விஷயம் வந்தால் ஒரு பக்கத்தைக் குறையுங்கள், இருபதாக்க நினைத்தால் இரங்கல் கவிதைகள் உள்ளே வரும். உள்தாள் 130 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஆர்ட் பேப்பர், அட்டை 250 அல்லது 300. பதினாறு பக்கத்தில் படங்களோடு 1800 முதல் 2200 சொல் தாராளமாக அடங்கும். எழுத்து 12 பாயின்ட்டுக்குக் குறைய வேண்டாம், படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அவர் வயதுக்காரர்கள். பிரதி எண்ணிக்கையைத் தலைக்கு ஒன்றாகக் கணக்கிடாதீர்கள், குடும்பத்துக்கு ஒன்று போதும். சில நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு வேகமாக முடியும். ஆஃப்செட் என்றால் பிளேட் போடவும் மை காயவும் ஒரு நாள் சேர்த்து வையுங்கள்.

பக்கம் அமைக்கும் டிடிபி கடையில் நடக்கிற வழக்கமான விபத்து எழுத்துரு. நீங்கள் போனில் அடித்தது யூனிகோடு. கடையில் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளும் பழைய எழுத்துருவும் இருந்தால், மாற்றிதான் போடுவார்கள். மாற்றும்போது "ஸ்ரீ", "க்ஷ", ஔகார எழுத்துகள், மேற்கோள் குறிகள் உடையும். சில இடத்தில் ஔகாரத்தின் பின்பாதி "ள" ஆகிவிடும். ஆகவே நீங்கள் போனில் படித்துச் சரிபார்த்தது கணக்கில் வராது. பக்கம் அமைத்த பிறகு தாளில் ஒரு பிரின்ட் எடுத்து, ஒருவர் மூலத்தை வாசிக்க இன்னொருவர் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். பெயர்களையும் தேதிகளையும் தனியாக இன்னொரு முறை பாருங்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கும். 300 டிபிஐ கணக்கில் அது ஐந்தேகால் அங்குலம். அரைப் பக்கத்துக்குப் போதும், முழுப் பக்கத்துக்கு உடையும். "டாக்குமென்ட்" என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென்டிரைவில் வாங்குங்கள். காட்டுப் படங்களில் இன்னொரு தொல்லை: திரையில் பளிச்சென்று தெரியும் பச்சை அச்சில் மங்கிக் கருக்கும். நிழலில் நிற்கிற முகம் காணாமலே போகும். முகத்தைச் சற்று வெளிச்சமாக்கி, ஒரே ஒரு பக்கம் சோதனைப் பிரின்ட் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.

படத்திறப்புப் படத்துக்கு ஸ்டுடியோவில் கொடுத்தால், கேட்காமலே கோட்டு, டை மாட்டி, பின்னால் நீல மேகம் வைத்துவிடுவார்கள். வாழ்நாளில் கோட்டுப் போடாத மனிதர் மாலைக்குள் அந்நியராக நிற்பார். குல்லாயும் கம்பளிச் சட்டையும் அவர் அடையாளம் என்றால் அந்தப் படத்தையே கொடுத்து, உடையையும் பின்னணியையும் தொடக்கூடாது என்று எழுதியே கொடுங்கள்.

குடும்பப் பக்கம்தான் சண்டை வரும் பக்கம். விடுபட்ட ஒரு பெயர் பல ஆண்டு பேச்சுவார்த்தையை நிறுத்தும். மகன், மருமகள், மகள், மருமகன், பேரன் பேத்தி, உடன்பிறந்தோர், சம்பந்திகள் என்று முழுப்பட்டியலை எழுதி, அப்பா வழியில் ஒரு பெரியவர், அம்மா வழியில் ஒரு பெரியவர், இருவரிடமும் வாசித்துக் காட்டுங்கள். இனிஷியலையும் எழுத்துக்கூட்டலையும் அந்தந்த ஆளிடமே கேளுங்கள். இறந்துபோன உடன்பிறப்புகளின் பெயரும் வர வேண்டும். வயது வரிசையா, மகன்கள் முதலிலா என்பதை முன்பே பேசி முடியுங்கள். என்னைக் கேட்டால் வயது வரிசை, மகளோ மகனோ.

சில விஷயங்களை அச்சில் போடக் கூடாது. முழுப் பிறந்த தேதி, வீட்டுக் கதவு எண், அவருடைய போன் எண் மூன்றும் சேர்ந்து வெளியே போனால், "பென்ஷன் ஆபீசிலிருந்து பேசுகிறோம்" என்று அம்மாவுக்கு அழைப்பு வரும். ஆண்டும் ஊரும் போதும். அவர் குறிப்பேட்டில் உள்ள கூடு இருக்கும் மரம், அரிய ஆர்க்கிட் நிற்கும் பாறை, காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதை இவற்றின் சரியான இடத்தையும் போடாதீர்கள். அவர் போன சில வழிகள் இன்று அனுமதியில்லாதவையாக இருக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு மலையேற்ற விதிகள் கடுமையாகிவிட்டன. அவர் நினைவாகக் குடும்பத்தோடு ஒரு நடை போக விரும்பினால், 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் இணையப் பதிவு வழியாக வழிகாட்டியோடு போகலாம். நீலகிரியில் உள்ள கெய்ர்ன் ஹில், லாங்வுட் சோலை போன்றவை வயதானவர்களுக்கும் எளிது. காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடுவார்கள், ஊட்டிக்கு வண்டியில் போக இ-பாஸும் எடுக்க வேண்டும்.

கடைசியாக மரக்கன்று. "அப்பாவுக்குப் பிடித்த மலை மரம்" என்று காட்டுப்பூவரசையோ வேறு சோலை மரத்தையோ கொண்டுவந்து மேட்டுப்பாளையத்தில் நட்டால் முதல் கோடையில் போய்விடும். ஆறாயிரம் அடிக்கு மேல் குளிரில் வளர்கிற மரம் சமவெளி வெயிலைத் தாங்காது. இங்கே மகிழம், புங்கன், இலுப்பை, வாய்க்கால் ஓரமென்றால் நீர்மருது, பறவை வர வேண்டுமென்றால் நாவல் அல்லது அத்தி. வனத்துறை நாற்றங்கால்களிலும் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலும் விசாரியுங்கள். பொது இடமென்றால் நகராட்சியிடமோ ஊராட்சியிடமோ எழுத்தில் அனுமதி, மேலே மின்கம்பி இல்லாத இடம். மின்வாரியக்காரர் பெயரில் நட்ட மரத்தை லைன்மேன் வந்து வெட்டும் நிலை வேண்டாமே.

நினைவுக் கன்றுகள் சாவதற்கு வழக்கமான காரணம், காரியத்தன்று நட வேண்டும் என்ற பிடிவாதம். அந்த நாள் மார்ச்சிலோ ஏப்ரலிலோ விழுந்தால், அன்று கன்றைத் தொட்டியில் வைத்து மலர் தூவிவிட்டு, குழியை மட்டும் தோண்டி வையுங்கள். இரண்டடி நீளம், அகலம், ஆழம். மேல்மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழு உரம் கலந்து ஆற விட்டு, முதல் நல்ல மழைக்குப் பின் நடலாம். மூன்று நான்கு அடி உயரக் கன்று போதும். நிழற்படத்துக்காக ஆறடிக் கன்று வாங்கினால் பைக்குள் வேர் சுருண்டிருக்கும். பையை முழுதாகக் கிழித்து எடுத்து, சுருண்ட வேரை விரித்துவிட்டு, தண்டும் வேரும் சேரும் இடம் தரைமட்டத்தில் நிற்கும்படி நடுங்கள். ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகும். ஆடு மாடு வருகிற இடம் என்றால் கூண்டு கட்டாயம். முதல் இரண்டு கோடைக்கு வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பதினைந்து இருபது லிட்டர். யார் எந்த மாதம் ஊற்றுவது என்று பேர் போட்டுப் பட்டியலாக எழுதி, அதை மலரின் பின் உள்ளட்டையிலேயே அச்சடித்துவிடுங்கள்.